எட்டுத் திரையில் ஒரு பல்

வெள்ளை என்பது ஒரு நிறம் அல்ல, ஆயிரத்தெட்டு நிறம். அந்த ஆயிரத்தெட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான், அவரும் எங்கள் தெருக்கோடியில் மாடி வீட்டில்தான் குடியிருக்கிறார். சரி, ஆயிரத்தெட்டு என்றது கொஞ்சம் கூடத்தான். அவர் சட்டைப்பையில் இருக்கும், நிறம் ஒப்பிடும் கோவையில் பீங்கான் பற்கள் பதினாறுதான் இருக்கும். ஆனால் அந்தப் பதினாறில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஐந்தாறு வெள்ளைகள் ஒளிந்திருப்பதாக அவர் அடித்துச் சொல்வார். மீதியை நான் போட்டுக்கொண்டேன்.

பல்லுக்காரர் என்றுதான் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். பிடுங்குகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. பிடுங்குவதும் அடைப்பதும் டாக்டர்கள் பாடு. உடைந்த பல்லைச் செதுக்கி, அச்செடுத்து, டப்பாவில் போட்டு டாக்டர் அனுப்பினால், அந்த இடத்தில் ஒரு புதுப் பல்லை முளைக்க வைப்பது இவர் பாடு. வடக்குப் பார்த்த ஜன்னலோரம் ஒரு மேசை. மேசைமேல் சின்னச் சின்னப் புட்டிகளில் பீங்கான் பொடி. பொடியைக் குழைத்து, பூனை மீசை மாதிரி ஒரு தூரிகையால் அடுக்கடுக்காக வைப்பார். சூளையில் போட்டால் சுருங்கும் என்று முதலிலேயே ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகச் செய்வார். சூளை என்றதும் செங்கல் சூளையை நினைக்க வேண்டாம், இது குக்கர் உயரம்தான். சுட்டு, தேய்த்து, மறுபடி சுட்டு, உள்ளங்கையில் வைத்து ஊதுவார். இருபத்தெட்டு வருஷமாக இதே ஊதல்.

அவரோடு பேசப் போனால் நம் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். பழக்கமில்லாதவர்களுக்கு உதட்டில் ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று சந்தேகம் வந்து துடைத்துக்கொள்வார்கள். முகங்கள் அவருக்கு நிற்காது. "யாருங்க அது?" என்று மனைவி கேட்டால், "பேரு தெரியல, மேல்வரிசைல வலது பக்கம் ரெண்டாவது கொஞ்சம் திரும்பியிருக்கும்" என்பார். மனைவிக்கு பஸ் டிப்போவில் பாஸ் கொடுக்கும் கவுன்டரில் வேலை. ஒரு நாளைக்கு நானூறு முகத்தை ஒரு துளை வழியாகப் பார்க்கிறவள். அவளுக்கு முகம், அவருக்குப் பல். இரண்டையும் சேர்த்தால் ஊரில் பாதிப்பேர் முழுசாகக் கிடைத்துவிடுவார்கள். 'என்னை எதைப் பார்த்துக் கட்டிக்கிட்டீங்க?' என்று அவள் ஒருநாள் கேட்டதற்கு, கொஞ்சமும் யோசிக்காமல், "முன்பல் ரெண்டுக்கும் நடுவுல ஒரு நூல் இடைவெளி. அது எனக்கு எந்தக் கையாலயும் செய்ய வராது" என்றாராம். அவள் அதை இன்னமும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள், அந்த இடைவெளி தெரிய.

முன்பெல்லாம் நிறம் பார்க்க அவரே நேரில் போவார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு டாக்டர் இடத்துக்குப் போய், வந்தவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, கோவையிலிருந்து ஒவ்வொரு பல்லாக அவர் பல்லுக்குப் பக்கத்தில் பிடிப்பார். ஐந்து எண்ணும்வரைதான் பார்ப்பார். அதற்குமேல் பார்த்தால் கண் பழகிப்போய்ப் பொய் சொல்லும். உடனே சாம்பல் நிற அட்டை ஒன்றைப் பார்த்துக் கண்ணைக் கழுவிக்கொண்டு அடுத்ததைப் பிடிப்பார்.

பழைய டாக்டர் ஓய்வுபெற்றுப் புது டாக்டர் வந்தாள். சின்ன வயது, சுறுசுறுப்பு, கையில் எப்போதும் போன். "எதுக்கு அண்ணா இவ்வளவு தூரம் அலையிறீங்க? போட்டோ எடுத்து அனுப்பிடறேன்" என்றாள். அவருக்கும் முழங்கால் மடங்க மறுத்துக்கொண்டிருந்த காலம். சரி என்று விட்டார். படம் வரும், போனை மேசையில் சாய்த்து வைத்துக்கொண்டு, பீங்கான் பல்லைத் திரையின் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து ஒப்பிடுவார். கண்ணாடிக்குள் இருக்கும் பல்லும் கையில் இருக்கும் பல்லும் ஒன்றுபோல் தெரிந்தால், அதுதான் நிறம். பல மாதம் இப்படியே ஓடியது, ஒரு குறையும் இல்லை.

அப்புறம்தான் விளையாட்டு டீச்சரின் பல் வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் பந்து பட்டு முன்பல் பாதியாக உடைந்தவள். மேல்வரிசையில் நட்ட நடுவில் இருக்கும் இரண்டில் ஒன்று, ஒளிக்க முடியாத இடம். பல்லுக்காரர் செய்து அனுப்பினார், திரும்பி வந்தது. "கொஞ்சம் மஞ்சளா இருக்கு அண்ணா." புதுப் படம் வந்தது, மறுபடி செய்தார். மறுபடி திரும்பி வந்தது, இந்த முறை இன்னும் மஞ்சள். டாக்டர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. போனில் குரலைத் தாழ்த்தி, "அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. டீச்சர் டீமைக் கூட்டிக்கிட்டுப் போட்டிக்குப் போறாங்க, வர மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் தற்காலிகப் பல்லை ஒட்டி விட்டிருக்கேன். திரும்பி வந்ததும் ஒரே ஒரு தடவை பாப்போம். அதுவும் சரியா வரலைன்னா… வேற இடத்துல குடுக்கட்டுமா?" என்றாள்.

இருபத்தெட்டு வருஷத்தில் கடித்தால் உயரமாக இருக்கிறது என்று பல் திரும்பி வந்ததுண்டு. அகலம், நீளம் என்று வந்ததுண்டு. நிறத்துக்காக ஒன்று வந்ததில்லை. அன்று பல்லுக்காரர் அந்த இரண்டு பல்லையும் ஜன்னலோரம் போன் படத்தோடு ஒட்டி வைத்து வெகுநேரம் பார்த்தார். அவருக்குச் சரியாகத்தான் தெரிந்தது. பயமே அதுதான். ஊரே மஞ்சள் என்கிறது, தனக்குத் தெரியவில்லை. வயது ஐம்பத்து மூன்று. அப்பாவுக்கு ஐம்பத்தைந்தில் கண்ணில் படலம் வந்தது. 'பழைய கண்ணாடி வழியாப் பாக்கற மாதிரி இருக்குடா' என்று அவர் சொன்னது இப்போது காதிலேயே கேட்டது. கை போனால் வேறு கையை வைத்து வேலை வாங்கலாம். கண் போனால் பல்லுக்காரர் என்ன செய்வார்? புட்டிகளை அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டியதுதான்.

கண் டாக்டரிடம் போயிருக்கலாம். போனால் தெரிந்துவிடும் என்பதால்தான் போகவில்லை. வீட்டில் வாயே திறக்கவில்லை, பல் திரும்பி வந்ததைக்கூடச் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் ஒருநாள் போனைத் தூக்கிக் காட்டி, "இதோட திரை சரியில்ல. நல்லதா ஒண்ணு வாங்கணும்" என்றார். குற்றத்தைத் திரைமேல் போட்டுவிட்டார். திரை குற்றவாளியாக இருக்கும்வரை கண்ணுக்கு ஜாமீன்.

அன்றிலிருந்து ஆராய்ச்சி. ஐயோ, அந்த ஆராய்ச்சி! நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினார். காலையில் பல் தேய்க்கும்போதே வீடியோ ஓடும். யாரோ ஒருவர் இரண்டு போனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 'இதோட கறுப்பைப் பாருங்க, அதோட கறுப்பைப் பாருங்க' என்று கத்துவார். வாய் நிறைய நுரையோடு இவர் தலையாட்டுவார்.

"எல்சிடின்னா என்ன தெரியுமா?" என்று காபி ஆறுவதற்குள் மனைவியைப் பிடித்துக்கொள்வார்.

"தெரியாது. தெரியாமலே இத்தனை வருஷம் உசுரோட இருந்துட்டேன்."

"ஒரு பெரிய கட்டடம்னு வெச்சுக்கோ. பின்பக்கம் முழுக்க ஒரே விளக்கு, எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். முன்னாடி லட்சக்கணக்கா ஜன்னல். எங்க வெளிச்சம் வேணுமோ அங்க ஜன்னலைத் திறக்கும், வேண்டாத எடத்துல சாத்தும்."

"சரி, சாத்தட்டும்."

"சாத்தினாலும் இடுக்கு வழியாக் கொஞ்சம் வெளிச்சம் கசியும். அதனாலதான் அதுல கறுப்பு கறுப்பா இருக்காது, சாம்பலா இருக்கும். ஆமொலெட்னா அப்படி இல்ல. பின்னாடி விளக்கே கிடையாது. ஒவ்வொரு ஜன்னல்லயும் தனித்தனியா ஒரு குட்டி விளக்கு. கறுப்பு வேணும்னா அந்த எடத்துல அணைச்சுடும். சுத்தமான இருட்டு."

"அப்ப அதையே வாங்குங்க. முடிஞ்சுது."

"அங்கதான் சிக்கல்! அது நிறத்தைக் கூட்டிக் காட்டும். தக்காளியைக் காட்டினா ரத்தம் மாதிரி காட்டும். கடையில கண்ணைப் பறிக்கறதுக்காகவே அப்படி வெச்சிருப்பான். உள்ளே போய் 'நேச்சுரல்'னு மாத்தினாத்தான் ஒழுங்கா வரும். அப்புறம், வெளிச்சத்தைக் குறைச்சு வெச்சா சில திரை நமக்குத் தெரியாமலே சிமிட்டும். அணைச்சு அணைச்சு எரியும். சிலருக்குத் தலைவலி வரும்."

"எனக்கு இப்பவே வந்தாச்சு" என்று சொல்லிவிட்டு அவள் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவாள்.

நோட்டில் பக்கங்கள் நிறைந்தன. வெயிலில் எவ்வளவு பளிச்சென்று தெரியும் என்பதற்கு 'நிட்ஸ்' என்று ஒரு கணக்கு. படம் நொடிக்கு எத்தனை தடவை மாறுகிறது என்பதற்கு 'ஹெர்ட்ஸ்' என்று இன்னொன்று. அறுபது போதும் என்று ஒரு பக்கத்திலும், நூற்றிருபது இல்லாவிட்டால் வாழ்க்கையே வீண் என்று அடுத்த பக்கத்திலும் எழுதியிருந்தது. இரண்டுமே வீடியோக்காரர்கள் சொன்னது. அடியில் பல்லுக்காரரின் சொந்தக் குறிப்பு: 'பல் நகராது. அறுபதே தாராளம்.' ஒரு முழுப் பக்கத்தில் எல்சிடி திரையின் குறுக்குவெட்டை வரைந்து, பக்கத்திலேயே ஒரு பீங்கான் பல்லின் குறுக்குவெட்டையும் வரைந்து வைத்திருந்தார். அடியில் ஒரு பூச்சு, அதன்மேல் தந்த நிறத்தில் ஓர் அடுக்கு, அதன்மேல் கண்ணாடி மாதிரி மேற்படலம். வெளிச்சம் உள்ளே போய் எங்கே திரும்பி வருகிறது என்று அம்புக்குறி. இப்படிப் படிப்பதில் அவருக்கு ஒரு சுகம்கூட வந்துவிட்டது. படித்துக்கொண்டே இருந்தால் வாங்க வேண்டாம். வாங்காதவரை, புதுத் திரையிலும் மஞ்சளாகத் தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில் தேட வேண்டாம்.

மூன்று வாரத்தில் இரண்டு வாரம் போனது. ஒரு விடுமுறை நாள் காலையில் மனைவி நோட்டைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "கிளம்புங்க. பரீட்சைக்குப் படிச்சது போதும், எழுதிட்டு வந்துடலாம்."

"இன்னும் ரெண்டு வீடியோ பாக்க வேண்டியிருக்கு…"

"அதையெல்லாம் வீடியோக்காரங்களே பாத்துக்குவாங்க. செருப்பைப் போடுங்க."

கடை திறந்த கையோடு போய்ச் சேர்ந்தார்கள். கண்ணாடிக் கதவு, அதற்குப் பக்கத்தில் முக்காலி போட்டு ஒரு காவலாளி, உள்ளே நீள மேசையில் வரிசையாகப் போன்கள், ஒவ்வொன்றையும் மேசையோடு கட்டிப்போட்ட ஒரு சுருள் கம்பி. நீலச் சட்டை போட்ட விற்பனைப் பெண் ஒருத்தி சிரித்தபடி வந்தாள். பல்லுக்காரர் உடனே அவள் சிரிப்பைப் படித்துவிட்டார். கீழ்வரிசையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தது.

"எந்த மாதிரி பாக்கறீங்க சார்? கேமராவுக்கா, கேமுக்கா?"

"பல்லுக்கு" என்றார் பல்லுக்காரர். சட்டைப்பையிலிருந்து பதினாறு பற்களையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

அந்தப் பெண் ஒரு அடி பின்னால் போனாள். மனைவி முன்னால் வந்து, "பயப்படாதம்மா, பீங்கான்தான். இவர் பல் செய்யறவர்" என்று விளக்கினாள். பெண்ணுக்கு மூச்சு திரும்பியது. காலையில் கூட்டமில்லாத நேரம், அவளுக்கும் பொழுது போக வேண்டியிருந்தது. டீச்சரின் பல் படத்தை இவர் போனிலிருந்து வாங்கி, மேசையிலிருந்த ஏழு போன்களிலும் ஏற்றிக் கொடுத்தாள். எல்லாவற்றிலும் ஒரே வெளிச்சம் வைக்கச் சொன்னார் அவர். ஆமொலெட்டில் எல்லாம் 'நேச்சுரல்' மாற்றச் சொன்னார். "சார், இந்த செட்டிங் இருக்கறதே எங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது" என்றாள் அவள், மரியாதை கூடிய குரலில்.

கடை விளக்குகள் நீலம் கலந்த வெள்ளை. அந்த வெளிச்சத்தில் பார்ப்பது வீண் என்றார் அவர். வாசல் பக்கம் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கம்பி எட்டவில்லை. 'ஒரு நிமிஷம் இருங்க, நான் கழட்டித் தரேன்' என்று அந்தப் பெண் சாவியை எடுக்கத் திரும்புவதற்குள், இவர் மெதுவாக இழுத்துப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான், கடை முழுக்க அலாரம் வீறிட்டது. காவலாளி முக்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்தால், ஒரு கையில் போனும் இன்னொரு கையில் ஒரு வரிசைப் பல்லுமாக ஒரு மனிதர் நிற்கிறார். முதலில் எதைப் பறிமுதல் செய்வது என்று அவருக்குப் புரியவில்லை.

"அண்ணே, விடுங்க, கஸ்டமர்தான்" என்று பெண் சிரிப்பை அடக்கமுடியாமல் அலாரத்தை நிறுத்தினாள். பிறகு காவலாளியின் முக்காலியே மேசையானது. வாசலோரம் அதைப் போட்டு, ஏழு போனையும் அவருடைய பழைய போனையும் அடுக்கினார்கள். எட்டுத் திரை, எட்டிலும் ஒரே டீச்சரின் அதே பல். காவலாளியும் கை கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

பல்லுக்காரர் குனிந்தார். ஐந்து எண்ணினார். சாம்பல் அட்டையைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

ஒன்றில் பல் பால்போல் இருந்தது. ஒன்றில் லேசாக நீலம் தட்டியது. ஒன்றில் சுண்ணாம்பு. அவர் போனில் பழுப்பு. ஏழு புதுத் திரைகளில் ஒன்றுகூட இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. திரைகள்தான் இத்தனை விதமா, இல்லை தன் கண்தான் இத்தனை விதமாகக் காட்டுகிறதா? நோட்டில் இதற்குப் பதில் இல்லை.

"இதுல எது ரெண்டும் ஒரே போன்?" என்று திடீரென்று கேட்டார்.

"இதும் இதும் சார்." நடுவில் இருந்த இரண்டைக் காட்டினாள். "ஒரே மாடல், ஒரே நாள் வந்தது. பின்பக்கக் கலர் மட்டும்தான் வேற."

ஒரே மாடல், ஒரே திரை, ஒரே படம். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தாக வேண்டும். பல்லுக்காரர் அட்டையைப் பார்த்தார், கண்ணை மூடித் திறந்தார், குனிந்தார். வலது பக்கத்துப் போனில் பல்லின் நிழல் பகுதியில் ஒரு துளி பச்சை. இன்னொன்றில் இல்லை. போன்களை இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். பச்சையும் கூடவே இடம் மாறியது. ஒரு கண்ணை மூடினார், பச்சை. மற்றதை மூடினார், அப்போதும் பச்சை.

"என்னங்க?" என்றாள் மனைவி.

அவர் நிமிர்ந்து, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னாச்சு? முழங்காலா?"

"கண்ணு" என்றார். "ஒரே போன் ரெண்டு எனக்கு ரெண்டு கலராத் தெரியுது. கண்ணு போயிடுச்சு. எனக்குத் தெரியும், சொல்லத்தான் பயந்தேன். டீச்சர் பல்லு ரெண்டு தடவை திரும்பி வந்துச்சு. மஞ்சளா இருக்காம். எனக்கு எதுவும் தெரியல. நான் போனைக் குத்தம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

இரண்டு வாரமாக இந்த மனிதர் எல்சிடி, ஆமொலெட் என்று ஓயாமல் பேசியதெல்லாம் பயம்தான் என்று மனைவிக்கு இப்போதுதான் புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்திருக்கலாம். அவள் அப்படிப்பட்டவள் அல்ல. நேரே அந்த விற்பனைப் பெண்ணிடம் திரும்பினாள்.

"ஏம்மா, இந்த ரெண்டும் ஒண்ணுதான்னு உனக்கு நிச்சயமா?"

"ஆமா மேடம், நானே பெட்டி பிரிச்சு வெச்சேன்."

"அதுக்கப்புறம் எதுவும் ஆகலையா? நல்லா யோசிச்சுச் சொல்லு. எங்க வீட்டுக்காரர் பச்சைங்கறார்."

யோசித்தது அந்தப் பெண் அல்ல, காவலாளி. "போன மாசம் ஒரு குழந்தை இழுத்துக் கீழ போட்டுச்சே, அது எந்தப் போன்?" என்றார்.

பெண் வலது போனைத் திருப்பிப் பார்த்தாள். படியேறி மேலே பழுது பார்க்கும் இடத்துக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கூடவே அங்கு வேலை செய்பவரும் வந்தார், காதில் திருப்புளியைச் செருகிக்கொண்டு. "திரை உடைஞ்சிருந்துச்சு, மாத்தினேன். ஒரிஜினல் கையில இல்ல, வேற ஒண்ணு போட்டேன்" என்றவர், போனை முகத்துக்கு நேரே பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். "எனக்கே வித்தியாசம் தெரியலையே. யாரு கண்டுபிடிச்சது?"

காவலாளி வாசற்படியைக் காட்டினார், ஏதோ தானே வளர்த்த பிள்ளையைக் காட்டுவதுபோல.

பல்லுக்காரர் படியில் உட்கார்ந்தபடியே நிமிர்ந்தார். "பச்சைதானே?" என்றார். "உண்மையாவே பச்சைதானே?"

"பச்சைதான், ஒத்துக்கறேன், எழுந்திருங்க" என்றாள் மனைவி. "ஆனா உங்க கண்ணு நல்லாயிருந்தா டீச்சர் பல்லு எப்படி மஞ்சளாப் போச்சு?"

"என் போன்ல அப்படித்தான் தெரிஞ்சுது. பாரேன், இதுல மட்டும் எப்படிப் பழுப்பா…" என்று பழைய போனை எடுத்து நீட்டினார்.

மனைவியின் கை மெதுவாக அவள் வாய்க்குப் போனது. முன்பல் இடைவெளியெல்லாம் மறைந்தது.

"நீங்க… போட்டோவைப் பாத்தா கலர் செய்யறீங்க? டாக்டர் ஏதோ நம்பர் எழுதி அனுப்புவாங்கன்னு இல்ல நான் நெனைச்சேன்?"

"ஏன்?"

"நான்தான்" என்றாள். "நாலு மாசமா நீங்க கண்ணைக் கசக்கிக்கிட்டே இருந்தீங்க. டிப்போல கூட வேலை செய்யறவ சொன்னா, கண்ணுக்கு இதமா ஒரு செட்டிங் இருக்கு, திரையைக் கொஞ்சம் மஞ்சளாக்கும், கண்ணு வலிக்காதுன்னு. ஒரேயடியாப் போட்டா நீங்க கண்டுபிடிச்சுத் திட்டுவீங்க. அதனால…"

"அதனால?"

"வாரத்துக்கு ஒரு துளி. நீங்க குளிக்கப் போறப்ப."

விற்பனைப் பெண் போனை வாங்கிப் பார்த்தாள். "ஆமா சார். கண் பாதுகாப்பு, முக்கால்வாசி ஏத்தியிருக்கு" என்று ஒரே தொடுதலில் அணைத்தாள். பழைய போனின் திரையில் டீச்சரின் பல், தூக்கத்திலிருந்து விழித்ததுபோல வெளுத்தது.

பல்லுக்காரர் அதைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். ஊரையே பல்லால் அடையாளம் கண்டவர், தன் உள்ளங்கையில் வாரம் ஒரு துளி மஞ்சள் ஏறியதைக் காணவில்லை. திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தவருக்குச் சிரிப்புதான் வந்தது. சிரிப்பு ஒருமுறை வந்தபின் நிற்கவில்லை. காவலாளிக்கும் தொற்றிக்கொண்டது. திருப்புளிக்காரர் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்.

"துளித் துளியா ஏத்தியிருக்கே" என்றார் பல்லுக்காரர் கண்ணைத் துடைத்தபடி. "எனக்கே இவ்வளவு நைஸா ஷேட் மாத்த வராது. பேசாம என் மேசைக்கு வந்துடு."

"அதெல்லாம் அப்புறம். இப்ப உங்களுக்குப் புதுப் போன் வேணுமா வேண்டாமா?"

"வேண்டாம். எட்டுத் திரை, எட்டுப் பல்லு. எதை நம்பறது? எந்தத் திரையா இருந்தாலும் நிறம் பாக்க நேர்லதான் போகணும். நான் சோம்பல் பட்டதுதான் தப்பு."

"அப்ப எனக்கு வாங்குங்க." அவள் பையிலிருந்து தன் போனை எடுத்து முக்காலிமேல் வைத்தாள். திரையின் குறுக்கே ஒரு விரிசல், மூலையில் சிலந்திவலை. "ஒரு வருஷமா உடைஞ்சு கெடக்கு. ஊரான் வீட்டுப் பல்லுக்கு நாப்பது பக்கம் எழுதினீங்களே, இதுக்கு ஒரு வரி எழுதினீங்களா?"

பல்லுக்காரரின் முகம் தொங்கிவிட்டது. பிறகு அந்த நாற்பது பக்கமும் அவளுக்காகவே எழுதியதுபோல் வேலையில் இறங்கினார். கவுன்டர் துளைக்கு நேரே வெயில் அடிக்கும், அதனால் வெளிச்சம் நன்றாக வர வேண்டும். மத்தியானம் தொடர் பார்ப்பாள், அதற்குக் கறுப்பு கறுப்பாக இருக்க வேண்டும். தலைவலிக்காரி, சிமிட்டல் கூடாது. ஒவ்வொரு போனின் வெளிச்சத்தையும் குறைத்து, இன்னொரு போனின் கேமரா வழியாகப் பார்த்து, கோடு கோடாக ஓடுகிறதா என்று சோதித்தார். கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தபோது, விற்பனைப் பெண் தயங்கித் தயங்கி, "சார், அந்த நோட்டை ஒரு தடவை படம் எடுத்துக்கவா? கட்டடம், ஜன்னல்னு வரைஞ்சிருக்கீங்களே, கேக்கறவங்களுக்கு அப்படியே சொல்லலாம்" என்றாள்.

அடுத்த வாரம் டீச்சர் ஊர் திரும்பினாள். முழங்கால் முனக முனக, பல்லுக்காரர் காலையிலேயே டாக்டர் இடத்துக்குப் போய்விட்டார். டாக்டர் பஞ்சைக் கையில் எடுத்ததும் தடுத்தார். "முதல்ல நான் பாத்துடறேன். ரொம்ப நேரம் வாயைத் திறந்தே வெச்சிருந்தா பல்லு காய்ஞ்சு வெளுத்துடும். அப்புறம் எடுக்கற நிறம் பொய்."

"அண்ணா, நான் போட்டோ எப்பவும் கடைசியிலதான் எடுப்பேன்" என்றாள் டாக்டர், நாக்கைக் கடித்துக்கொண்டு.

"இனிமே முதல்ல எடுங்க. எடுக்கறப்ப கோவையிலிருந்து ஒரு பல்லையும் பக்கத்துல வெச்சு எடுங்க. திரை எப்படிப் பொய் சொன்னாலும் ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்லும்."

டீச்சரை ஜன்னலோரம் உட்கார வைத்தார். வாயைக் கையால் மறைத்தே பேசிப் பழகிவிட்டவள் கையை எடுக்கவில்லை. "டீச்சர், நான் பல்லைத்தான் பாப்பேன், உங்களை நாளைக்குத் தெருவுல பாத்தா அடையாளமே தெரியாது" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்து கை விலகியது. ஐந்து எண்ணினார். அட்டை. மறுபடி ஐந்து. உடையாத பல்லின் நுனியில் லேசான நீலம், ஈறை ஒட்டிய கழுத்துப் பக்கம் ஒரு மஞ்சள் சாயல், ஓரத்தில் சுண்ணாம்பு வைத்ததுபோல் ஒரு புள்ளி. எட்டுத் திரையில் ஒன்றுகூட அந்தப் புள்ளியைக் காட்டவில்லை. எல்லாவற்றையும் பென்சிலால் வரைந்துகொண்டார்.

பல் தயாராக நான்கு நாள் ஆனது. டாக்டர் அதைப் பொருத்தி, கடித்துப் பார்க்கச் சொல்லி, ஒட்டி முடித்து, விளக்கை விலக்கினாள். வெகுநேரம் குனிந்து பார்த்தாள். அதற்குமேல் பொறுக்க முடியாமல் பல்லுக்காரர் நாற்காலியின் தலைமாட்டுப் பக்கமாகச் சுற்றி வந்து எட்டிப் பார்த்தார். பார்த்ததும் நெஞ்சு நிமிர்ந்தது.

"இங்க பாருங்க டாக்டர்" என்று தலைகீழாகத் தெரிந்த வாய்க்குள் விரலை நீட்டினார். "இந்த ஓரத்துல ஒரு புள்ளி இருக்கு பாருங்க. இதை வைக்கறதுக்கு மட்டும் சூளைல மூணு தடவை. இந்த நுனி நீலம், இந்தக் கழுத்து… சொந்தப் பல்லே பக்கத்துல நின்னா வெக்கப்படணும். இப்ப ஒத்துக்கறீங்களா, இது செஞ்ச பல்லுன்னு யாராவது சொல்ல முடியுமா?"

டீச்சர் கீழேயிருந்து அவர் விரலை மெதுவாகப் பிடித்து, ஒரு பல் தள்ளி வைத்தாள்.

"சார், அது நான் ஏழு வயசுலேர்ந்து வெச்சிருக்கறது. நீங்க செஞ்சது இது."